கிளியனூர்ப் பக்கத்து மில்லுக்கு மூன்று பலகை

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸைப் பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். புதுச்சேரிப் பக்கம் சாராயக் கடை உண்டு, இந்தப் பக்கம் மதுவிலக்கு. அதனால் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிப் புட்டி தேடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பெண்களின் கூடைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்த போலீஸ்காரர் என் மரப்பெட்டியைக் காலால் தட்டினார். கனமாக இருந்தது. திறக்கச் சொன்னார்.

உள்ளே வரிசையாகத் துளை போட்ட மூன்று பலகைகள், ஒரு பை நிறைய மர ஆணிகள், நூல் தீர்ந்த நூற்கண்டுக் கட்டைகள், ஒரு பந்து சணல். அவர் கட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? பொம்மலாட்டமா?"

"இல்லீங்க. மில்லு."

"மில்லா? பொட்டிக்குள்ளயா?"

"ஏட்டய்யா, நம்ம நெல்லு ஒரு மூட்டை கீது. அரைச்சிக் குடுக்கச் சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பஸ் முழுவதும் சிரித்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கண்டக்டர்தான் காப்பாற்றினார். "உடுங்க ஏட்டய்யா. புட்டி வெச்சிக்கினு இருந்தா இந்நேரம் எறங்கி ஓடியிருப்பாரு. ரைட், ரைட், ஜல்தி!"

நான் மலாயாவில் சுங்கை பட்டாணியில் பிறந்தவன். என் அப்பா இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர். ஆனாலும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்த எனக்கு இது வெளிநாடுதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்துவிட்டு, ரைஸ் மில்லில் பெல்ட் மாட்டும் வேலைக்குப் போனேன். இப்போது அங்கே மெஷின்களையெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் முதலாளியின் மைத்துனர் தணிகாசல முதலியாருக்குக் கிளியனூருக்கு அருகே ஒரு ரைஸ் மில் இருக்கிறது. அந்த ஊருக்கு இப்போதுதான் கரண்ட் கம்பம் நட்டிருக்கிறார்கள். ஆயில் இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டார் வைக்க வேண்டும். எங்கள் மில்லில் இதை ஒரே மூச்சில் செய்து, ஒரு அறுவடை முழுக்க மில் நின்றுபோனது. அந்த அனுபவம் இருப்பதால், எப்படிச் செய்வதென்று திட்டம் போட்டுக் கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

எனக்குப் படம் போடத் தெரியாது. அதனால்தான் பலகை. ஆணி என்றால் ஒரு மெஷின், கட்டை என்றால் பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லி, சணல் என்றால் பெல்ட். முதல் பலகை இந்த வருஷத்து மில், இரண்டாவது அடுத்த வருஷத்து மில், மூன்றாவது அதற்கடுத்த வருஷத்து மில். ஒவ்வொரு பலகையும் தானாகவே ஓடக்கூடிய ஒரு முழு மில்லாக இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட ஒரே விதி. அடுத்த வருஷம் எந்தக் காரணத்தாலோ வேலை நடக்காமல் போனாலும், நின்ற இடத்திலேயே நின்று அரிசி அரைக்க முடிய வேண்டும். பாதி பிரித்த மில் என்று ஒரு பலகை இருக்கக் கூடாது.

கிளியனூரில் இறங்கும்போதே இன்ஜின் சத்தம் கேட்டது. டப், டப் என்று ஊருக்கே நாடி போல அடித்துக்கொண்டிருந்தது. முதலியார் வாசலிலேயே நின்றார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"வாங்க, வாங்க. கப்பல்ல வாந்தி எடுத்தீங்களா? எடுத்திருப்பீங்க. மொதல்ல காப்பி."

காப்பி பித்தளை டம்ளரில் வந்தது. எங்கள் ஊரில் சீனன் கடைக் காப்பி கரிபோல் கறுத்திருக்கும், பால் டப்பியிலிருந்து விழும். இது நுரையும் சூடுமாக இருந்தது. மேல்துண்டால் டம்ளரைப் பிடித்துக் குடித்தேன். முதலியார் நிறுத்தாமல் பேசினார். தைப்பொங்கலுக்கு முன்னால் இன்ஜின் போய்விட வேண்டும். அது நிற்கிற இடத்தில் ஒரு பெரிய மோட்டார் வர வேண்டும். "எங்க புழுங்கலரிசி நாத்தம் அடிக்காதுங்க. புதுச்சேரியில எந்தக் கடையில வேணா கேட்டுப் பாருங்க. எங்க கெணத்துத் தண்ணி ராசி அப்பிடி. கரண்ட்டும் வந்துட்டா நம்மள யாரும் புடிக்க முடியாது."

மில்லுக்குள் கூரையோரமாக ஷாஃப்ட் என்கிற நீண்ட இரும்புத் தண்டு சுழன்றது. உமி நீக்கும் ஹல்லர், சலிக்கும் மெஷின், நெல்லை மேலே ஏற்றும் வாளிச் சங்கிலி, கிணற்றுப் பம்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ஷாஃப்ட்டிலிருந்துதான் பெல்ட். ஷாஃப்ட்டின் கோடியில் இன்ஜின். அதன் பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு நின்றவர் ஏகாம்பரம், இன்ஜின் டிரைவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். இந்த இன்ஜின் வந்த நாளிலிருந்து இதை ஓட்டுகிறவர். நான் வணக்கம் சொன்னேன். அவர் இன்ஜினைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மறுநாள் முழுக்க மில்லில் சுற்றி வந்து பலகைகளில் ஆணி நட்டேன். நெல் காயவைக்கும் பெண்கள் களத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் அஞ்சலை என்பவள் வேகவைத்த நிலக்கடலை ஒரு கை கொண்டுவந்து கொடுத்தாள்; இங்கே அதை மல்லாட்டை என்கிறார்கள். "துன்னுங்க மலாயாக்காரரே. இன்னா, பல்லாங்குழியா?" என்றாள். நான் சிரித்தேன். மல்லாட்டை உப்புப் போட்டு வெந்திருந்தது. எங்கள் ஊரில் வறுத்ததுதான் கிடைக்கும். இது அதைவிட நன்றாயிருந்தது.

முதல் பலகையில் இன்ஜினும் ஷாஃப்ட்டும் அப்படியே இருந்தன. ஹல்லருக்கு மட்டும் தனி மோட்டார். இரண்டாம் பலகையில் ஷாஃப்ட் பாதியாகக் குறைந்தது. இன்ஜின் பம்பையும் வாளிச் சங்கிலியையும் மட்டும் ஓட்டியது. மூன்றாம் பலகையில் ஷாஃப்ட்டே இல்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு மோட்டார். ஒன்று கெட்டால் மற்றது நிற்காது. முதலியார் சொன்ன ஒரே பெரிய மோட்டாரைவிட இது மேல் என்று சணலை இழுத்துக் காட்டினேன். அவர் தைப்பொங்கல் கணக்கையும் விட்டு, அரை மனதாகச் சரி என்றார்.

சாயங்காலம் ஏகாம்பரம் வந்தார். பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாவதில் கறுப்பு ஆணியைத் தொட்டு, "இது இன்ஜினா?" என்று கேட்டார். தலையாட்டினேன். இரண்டாவதிலும் அதைத் தொட்டார். மூன்றாவதில் தேடினார்.

"இதுல நான் எங்க நிக்கிறேன்?"

மோட்டாருக்கு ஒரு சுவிட்ச் போதும். களத்தில் வேலை செய்கிற யாரும் அதைப் போடலாம்.

"பெரிய பொண்ண கட்டிக் குடுத்துட்டேன். சின்னவ கீறா. எனக்கு இந்த இன்ஜின உட்டா வேற ஒண்ணும் தெரியாது." இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை, விலாசம் சொல்வது போலச் சொன்னார். "உங்கள கோச்சிக்கல. நீங்க ஆணி நட வந்தவரு." போய்விட்டார்.

அடுத்த நாள் பெல்ட் முனைகளைப் பிணைக்கும் கொக்கி வாங்கத் திண்டிவனம் போனேன். பஸ் வழியிலேயே பஞ்சர். டிரைவரும் கண்டக்டரும் சக்கரத்தைக் கழற்ற, பயணிகள் எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து அவர்களுக்கு யோசனை சொன்னார்கள். "இந்த டயர்ல ரப்பரு எங்க கீது? நூலுதான் கீது" என்றார் ஒருவர். "வேட்டி நெய்யலாம்" என்றார் இன்னொருவர். கண்டக்டர் நிமிர்ந்து, "நெய்ஞ்சி உனக்கே கட்டி உடறேன், கம்முனு இரு" என்றார். சுங்கை பட்டாணியில் பஸ் நின்றால் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். மலாய்க்காரர், சீனர், நாங்கள் என்று தனித்தனியாக நின்று வானத்தைப் பார்ப்போம்.

திண்டிவனத்தில் சந்தை நாள். ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். கருவாட்டுக் குழம்பு ஊற்றும்போது பரிமாறியவர், "எந்தூரு?" என்றார். மலாயா என்றேன். "அங்க கருவாடு கெடைக்குமா?" கிடைக்கும் என்றேன். "அப்ப அங்கயே இருந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். ஜட்கா வண்டியில் பஸ் நிலையம் திரும்பினேன். ஆள் கனமா பெட்டி கனமா என்று வண்டிக்காரர் குதிரையிடம் கேட்டுக்கொண்டே வந்தார். பெட்டியில் கொக்கி மட்டும்தான் இருந்தது.

அதற்கு மறுநாள் இன்ஜினை இரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொன்னேன். எது எதன்மேல் நிற்கிறது என்பது நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். வேலை குறைந்த நாட்களானதால் முதலியாரும் ஒத்துக்கொண்டார். ஏகாம்பரம் கைப்பிடியைத் தள்ளினார். டப், டப் மெதுவாகி நின்றது. ஷாஃப்ட் நின்றது. பெல்ட்டுகள் தொங்கின. பலகையில் நான் நட்டிருந்த ஒவ்வொரு ஆணியும் எதிர்பார்த்தபடி நின்றது. கிணற்றுத் தண்ணீரைக் கையால் இறைக்க ஆள் போட்டோம். எனக்குத் திருப்தியாக இருந்தது.

மத்தியானம் களத்து வேலிப் பக்கம் ஒரு பெண் குடத்தோடு வந்து நின்றாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர். இன்ஜின் அறையின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு தொட்டி இருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் சூடாகி அதில்தான் விழும். நான் அதைக் கழிவுத் தொட்டி என்று நினைத்திருந்தேன்.

"டிரைவரே, சுடுதண்ணி எங்க?" என்று அஞ்சலைதான் முதலில் கத்தினாள்.

ஏகாம்பரம் என்னைக் கை காட்டினார்.

"மலாயாக்காரரே, எம் பொண்ணு புள்ள பெத்து ஒம்போது நாளாவுது. தாயிக்கும் கொயந்தைக்கும் ஊத்தணும். இம்மாம் தண்ணிய வெறவு வெச்சிக் காய்ச்ச எங்க வூட்ல இன்னா காடா கீது?"

"எனக்கு சீயக்கா போட்டுத் தலை முழுவணும்" என்றாள் ஒருத்தி.

"எங்க வூட்டுக்காரருக்கு முட்டி வலி. தெனம் இந்தத் தண்ணிதான்."

"பல்லாங்குழி ஆடிக்கினு இன்ஜினக் கெடுத்துட்டாரு" என்றாள் வேலியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நாளை மறுநாள் ஓடும் என்று சொன்னேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. "இன்னா சொல்றாரு?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒண்ணும் சொல்லல, வாய அசைக்கிறாரு" என்றாள் அஞ்சலை. காலிக் குடங்களோடு போனார்கள்.

ஊராருக்கு ஒரு சிறு வசதி போகிறது, அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் காலையில், புழுங்கலுக்கு ஊறப் போட்ட நெல் ஊறவில்லை என்று ஆட்கள் சொன்னார்கள். எப்போதும் ஒரு ராத்திரியில் ஊறிவிடுமாம். இன்னும் ஒரு ராத்திரி கிடக்கட்டும் என்று விட்டார்கள். அதற்கடுத்த காலை நெல் ஊறும் தொட்டியைத் திறந்ததும் களம் முழுக்க ஒரு புளித்த நாற்றம் அடித்தது. முதலியார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"கெணத்துல ஏதோ செத்துக் கெடக்குது! டேய், எறங்கிப் பாருங்கடா!"

ஒருவர் கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கினார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். நெடுநேரம் முங்கி முங்கித் தேடி, ஒரு பித்தளைச் சொம்போடு மேலே வந்தார். "ஐயோ, என் சொம்பு!" என்று களத்துப் பெண் ஒருத்தி பாய்ந்து வாங்கிக்கொண்டாள். வேறு ஒன்றும் அகப்படவில்லை.

எனக்குக் குடங்கள் நினைவுக்கு வந்தன. ஊற வைக்கிற தொட்டியில் கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சுவரோரமாகப் போய்ப் பார்த்தபோது, சுடுதண்ணீர்த் தொட்டியிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு குழாய் ஊறல் தொட்டிக்கு வந்தது தெரிந்தது. இத்தனை வருஷமும் இந்த மில்லின் நெல் இன்ஜின் கொடுத்த சூட்டில்தான் சீக்கிரம் ஊறியிருக்கிறது. நாறாமல் இருந்ததற்குக் கிணறு காரணமல்ல. குழாயைப் போட்டவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. இதற்கு முன்னால் இருந்த இன்ஜினுக்காக முதலியாரின் அப்பா காலத்துக் கொத்தனார் போட்டதாக இருக்கும் என்றார்கள். எங்கள் மலாயா மில்லில் பச்சரிசிதான். நெல்லை ஊற வைக்கிற வேலையே கிடையாது. அதனால் தண்ணீரைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பலகையில் பெல்ட்டுக்குச் சணல் இருந்தது, தண்ணீருக்கு ஒரு நூலும் இல்லை.

முதலியாரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. இன்ஜினை ஓட்டிவிட்டு அவரே ஊறல் தொட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "ராசின்னு சொல்லிக்கினு இருந்தேனே" என்றார்.

மத்தியானம் பலகைகளைப் பிரித்து மறுபடி நட்டேன். அஞ்சலையிடம் ஒரு சிவப்பு நூல் வாங்கித் தண்ணீருக்கு வைத்துக்கொண்டேன். உமியை எரித்துத் தண்ணீர் காய்ச்சும் ஒரு கொதிகலனை இரண்டாம் பலகையிலேயே சேர்த்தேன். அது இன்ஜினோடு கூடவே ஒரு அறுவடை முழுக்க ஓடிக் காட்ட வேண்டும். பிறகுதான் மூன்றாம் பலகை. அப்படியென்றால் இன்ஜின் இன்னும் இரண்டு வருஷம் இருக்கும். அது போன பிறகும் கொதிகலனைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். மூன்றாம் பலகையில் கொதிகலனுக்குப் பின்பக்கம், உமி போடும் வாய்க்கு எதிரே, ஒரு ஆணியை நட்டு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். இதுதான் நீங்கள் என்று காட்டினேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தது என் தவறு.

"இன்ஜின் டிரைவரா இருந்தவன சுடுதண்ணி காய்ச்சறவனா ஆக்கிட்டீங்க."

"வேலை இருக்கும்" என்றேன்.

"இருக்கும். பொம்பளைங்க கொடம் தூக்கிக்கினு வந்து, 'ஏகாம்பரம், தண்ணி காஞ்சிச்சா'ன்னு கேப்பாங்க. இன்னிவரைக்கும் டிரைவரேன்னுதான் கூப்புட்டாங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "விழுப்புரத்தாண்ட ஒரு மல்லாட்டை மில்லுல டிரைவரு வேணும்னாங்க. நாளைக்கி நீங்க அப்பிடித்தான போறீங்க? நானும் வர்றேன்."

மறுநாள் முதலியார் பலகைகளை மில்லிலேயே வைத்துக்கொண்டார். நாகப்பட்டினத்தில் கப்பல் பிடிக்க நான் விழுப்புரத்தில் ரயில் ஏற வேண்டும். ஏகாம்பரம் வெளுத்த சட்டை போட்டு வந்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார். வழியெல்லாம் கேப்பைக் கொல்லை, மல்லாட்டைக் கொல்லை. அவர் சின்ன மகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். நன்றாகச் சமைப்பாளாம், கோபம் அதிகமாம். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் அவரோடு அந்த மில்லுக்கும் போனேன். ஊருக்கு வெளியே, பொட்டல் வெளியில் தனியாக நின்றது. மல்லாட்டைத் தோலை உடைக்கிற மெஷின்கள், அதே மாதிரி ஷாஃப்ட், அதே மாதிரி இன்ஜின். மேனேஜர் ஏகாம்பரத்தை இன்ஜின் பக்கம் அழைத்துப் போய் ஓட்டச் சொன்னார். அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, காதைச் சாய்த்து, ஒரு திருகைக் கால் சுற்று திருப்பினார். சத்தம் சீரானது. மேனேஜர் முகம் மலர்ந்தது. "நாளைக்கே வந்துடு டிரைவரே" என்றார்.

டிரைவரே என்ற சொல்லைக் கேட்டு ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு வெளியே இன்ஜினின் சுடுதண்ணீர் ஒரு குழாய் வழியாக ஆவியோடு விழுந்து, பொட்டலில் ஓடி, மணலில் மறைந்துகொண்டிருந்தது. அவரும் வந்து பார்த்தார். மூட்டை தூக்கிக்கொண்டு போன ஒருவரை நிறுத்தினார்.

"இந்தத் தண்ணிய யாரு எடுக்கிறாங்க?"

"யாரு எடுப்பாங்க? இங்க வூடா, வாசலா? ஒரு நாயி வரும், அதுவும் சூடுன்னு ஓடிப்பூடும்."

ஏகாம்பரம் குனிந்து விரலை நனைத்தார். சாலையோரத்தில் கரண்ட் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்தாகியிருந்தது. அவர் அதையும் பார்த்தார்.

"அண்ணாத்த, உள்ளத சொல்லுங்க. இந்த மில்லுக்கு எத்தினி பலகை வேணும்?"

சொல்லாமல் இருக்கத்தான் எனக்கு விருப்பம். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு போதுங்க" என்றேன். "இங்க இன்ஜின நிறுத்தி ஒரே வருஷத்துல மோட்டார் வெச்சிடலாம். கேக்க யாரும் வரமாட்டாங்க."

அவர் மேனேஜரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் நடந்தோம். ஒரு கடையில் டீ குடித்தோம். திண்டிவனம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினார்.

"அந்தக் கொதிகலனுக்கு உமி போடற வாயி, பின்னாடிதான வெச்சீங்க?"

ஆமாம் என்றேன்.

"பின்னாடி மேக்குப் பக்கம், மேகாத்து நேரா அடிக்கும். நெருப்பு மூஞ்சிக்கி வரும். முன்னாடி வெக்கணும்."

பஸ் நகர்ந்தது. நான் கூடவே நாலு எட்டு நடந்தேன். இன்ஜின் சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது.

"நானே அந்த ஆணியப் புடுங்கி முன்னாடி நட்டுக்கிறேன்! மொதலாளி கிட்டயும் சொல்லிக்கிறேன்!"

"யோவ் பெருசு, தலைய உள்ள இழு!" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.